ஒப்பீட்டின் பாரம்

2004 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தோன்றிய ஃபேஸ்புக், உலகத்தார் அனைவருக்கும் ஒருசேரத் திறக்கப்படாமல், கல்லூரி கல்லூரியாகவே பரவிற்று. அது வந்து சேர்ந்த கல்லூரிகளையும் இன்னும் வந்து சேராத கல்லூரிகளையும், அக்காலத்து மாணவர்களின் மனநலம் பற்றித் திரட்டப்பட்டிருந்த தகவல்களைக்கொண்டு ஒப்புநோக்கிய பிராகியேரி, லெவி, மகாரின் என்னும் பொருளியல் அறிஞர் மூவர், அது வந்த இடங்களில் மாணவர்களின் மனச்சோர்வு மிகுந்ததென்றும், அதனால் தங்கள் படிப்புக்கே பங்கம் நேர்ந்ததாக மாணவர்கள் கூறியது அதிகரித்ததென்றும் 2022-இல் வெளியிட்டனர்.

காலம் விரயமாயிற்று என்று நாம் எளிதில் காரணம் சொல்லிவிடுவோம். அவர்கள் முக்கியமாகச் சுட்டுவதோ, பிறரோடு தன்னை ஒப்பிட்டுத் தாழ்வாக எண்ணும் மனோபாவத்தை. தோழன் தன் வாழ்வின் பிரகாசமான கணங்களை மட்டுமே பொறுக்கி வெளியிட, விடுதி அறையில் புரியாத பாடத்தோடு தனியே போராடும் மாணவன், அதுவே அவனது முழு வாழ்வென நம்பித் தன் சாமர்த்தியத்தையே சந்தேகிக்கத் தொடங்குகிறான். சிதறிய கவனத்தைவிட இந்த அவநம்பிக்கையே எனக்கு அதிக வேதனை தருகிறது. அதிலும், ஐபோன் 2007-இல்தான் வந்தது என்பதை நினைத்தால், கணிப்பொறியின் முன் அமர்ந்து பார்த்த அந்த மாணவர்களுக்கே அவ்வளவு பாரமென்றால், கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்து உறங்கும் நம் பிள்ளைகளைப் பற்றி நாம் மிகுந்த பரிவோடு யோசிக்க வேண்டியிருக்கிறது.