காரலைக் கழிவு என்பவர் யார்?

வஞ்சிரத்தின் விலையைக் கேட்டு வெறுங்கையோடு திரும்பும் நாம், பக்கத்துக் கூடையில் மின்னும் காரலைப் பார்ப்பதில்லை. கழிவு மீன் என்று சொல்லியே வியாபாரி அதை அடிமாட்டு விலைக்கு எடுக்கிறார். எத்தனையோ கூடைகள் மாவாகிக் கோழித் தீனியாகின்றன. பாக் நீரிணைக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். தோணி வலையை அரைவட்டமாக விட்டு வரும். இரு முனையையும் இரண்டு வரிசை ஆட்கள் மணிக்கணக்கில் இழுப்பார்கள். அந்த உழைப்பில் வந்தது கழிவா?

கல்லுப்புப் போட்டு உரசி, வழவழப்புப் போகக் கழுவுங்கள். குடலை எடுங்கள். புளி, மிளகாய், மல்லி கூட்டிய குழம்பு நன்றாகக் கொதித்தபின் மீனைப் போடுங்கள். ஐந்து நிமிஷம் போதும். கரண்டி போடாமல் சட்டியைச் சுழற்றுங்கள், இல்லையேல் குழம்பெல்லாம் முள். முதல் தடவை நானும் முள்ளுக்குப் பயந்து விழித்தேன். சோறு போட்ட மீனவப் பாட்டி, நடுமுள்ளை ஒரே இழுப்பில் உருவிக் காட்டினார்.