குடிநோயும் மீட்சி வழியும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவதே மரபு. ஆயினும், அக்கல்வியை நம் பிள்ளைகளிடமிருந்து பறிக்கும் குடியைப் பற்றிப் பேச உங்கள் இசைவை வேண்டுகிறேன்.

1937 அக்டோபர் 1-ஆம் நாள் சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது நமது சேலம் மாவட்டத்தில்தான். பின்னர்ச் சட்டம் பலமுறை மாறிற்று. 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடைகளையும் நடத்துகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. சட்டம் வரும், போகும். இன்று குடியில் வீழ்ந்து கிடக்கும் நம் அண்ணனை எங்கே அழைத்துச் செல்வது என்பதே நம்முன் நிற்கும் கேள்வி.

என் பிழையொன்றை இங்கு ஒப்புக்கொள்கிறேன். பல ஆண்டுகட்கு முன்னர், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளிக்கு ஒழுங்காக வருவதில்லை. அவன் தந்தையை அழைத்து, "ஆண்பிள்ளையானால் இன்றே குடியை நிறுத்திக் காட்டும்" என்று கடிந்துரைத்தேன். அவர் மானமுள்ளவர், அன்றே நிறுத்தினார். மறுநாள் கைகள் நடுங்கின. மூன்றாம் நாள் வலிப்புக் கண்டது. இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றினார். பேய் பிடித்ததென்று மந்திரிக்கக் கொண்டுபோயினர். மருத்துவமனையை அடைந்தபோது காலம் கடந்துவிட்டது. அம்மாணவன் மீண்டும் பள்ளிக்கு வரவேயில்லை.

நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதை அன்று நான் அறியேன். குடிநோய் ஒழுக்கக்கேடு அன்று; நோய். அதனைச் சாதியின் குணமென்று பிறர் ஏசுவதை நாம் ஏற்கலாகாது. பணமுள்ளவன் ஓசையின்றிச் சிகிச்சை பெறுகிறான். நம்மவன் தெருவில் விழுவதால் ஊர் நகைக்கிறது. வேற்றுமை அவ்வளவே.

வழி தொலைவில் இல்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. 14446 என்ற தேசிய உதவி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம். தனியார் இல்லத்தை நாடுவோர், மனநலச் சட்டப்படி பதிவு பெற்றதா, மருத்துவர் உண்டா, குடும்பத்தினர் சென்று காணலாமா என்று முதலில் வினவுங்கள். அடித்துத் திருத்துவோம், கட்டி வைப்போம் என்போரிடம் நம் மக்களை ஒப்படையாதீர்கள்.

கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் சென்னையில் சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அந்நிலையம் பின்னர்த் தஞ்சைப் பகுதியின் மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களுக்கே சென்று முகாம் நடத்தியது. மருத்துவமும் ஆலோசனையும் ஊருக்குள் வந்தன. மனைவி மக்களுக்கும் அறிவுரை வழங்கப்பட்டது. முகாம் முடிந்த பின்னும் தொடர்ந்து கவனித்தனர். ஊரே துணை நின்றால் நோயாளி மீள்வது எளிதாகும் என்பதே அதன் பாடம்.

நம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் இதனை ஏன் தொடங்கலாகாது? நோயாளியுடன் மருத்துவமனை செல்ல ஐந்து இளைஞர்கள் முன்வரட்டும். அவர் படுத்திருக்கும் நாள்களின் கூலியிழப்பைக் கழக நிதி ஓரளவு ஈடு செய்யட்டும். மீண்டவரை இழிமொழி கூறாது, விழாக்களில் முன்வரிசையில் அமர்த்துவோம். மறுபடி வழுக்கினாலும் கைவிடாது மீண்டும் அழைத்துச் செல்வோம்.

அம்மாணவனுக்கு நான் பட்ட கடன் தீராது. இனியொரு பிள்ளையின் இருக்கை வகுப்பில் வெறுமையாகாதிருக்க நீங்கள் துணை நில்லுங்கள்.