கடலடிப் பாறையில் ஓடும் நீர்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



துருசு மூடியிருக்கும் காலத்திலும் குளக்கட்டின் அடியில் நிலம் கசிந்துகொண்டிருப்பதைச் சாகாமத்தில் வயல் செய்வோர் அறிவர். பார்வைக்கு இறுகிய கட்டுத்தான். நீரோ தன் வழியைக் கண்டுவிடுகிறது. ஆழ்கடலின் அடித்தளமும் இப்படிப்பட்டதே. எரிமலைக் குழம்பு குளிர்நீரில் உறைந்து உண்டான அந்தக் கரும்பாறை முழுவதும் வெடிப்புகளே.

இதை அறிஞர்கள் கண்ணாற் காணுமுன் கணக்காற் கண்டனர். புதிதாய்த் தோன்றிய கடலடிப் பாறை இவ்வளவு வெப்பத்தை வெளிவிட வேண்டும் என்று கணித்தார்கள். அளந்து பார்த்தால் பெரும்பங்கைக் காணவில்லை! களவாடியது யார்? வெடிப்புகளில் இறங்கிச் சூடேறி மேலெழுந்த கடல்நீரேதான். 1977இல் கலாபகசுத் தீவுகளின் அருகே அல்வின் என்னும் நீர்மூழ்கியில் இறங்கியோர், கடலடியிலிருந்து வெந்நீர் ஊறுவதை நேரிற் கண்டனர். 1979இல் மெக்சிக்கோவுக்கு அப்பால் கரும்புகைபோற் பீறிடும் நீரைக் கண்டார்கள். அதன் வெப்பம் 350 பாகைக்கும் மேல். அது ஏன் கொதிக்கவில்லை என்று மாணவர் கேட்கலாம். மேலே இரண்டரைக் கிலோமீற்றர் உயர நீர் அமுக்கிக்கொண்டு நிற்கிறதே!

இதனினும் வியப்பானது மெல்ல நிகழும் ஓட்டம். வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், சேற்றுப் போர்வைக்கு மேலே தலைநீட்டும் இரு பாறைக் குன்றுகள் கடலடியில் உண்டு. ஒன்றிற் புகுந்த நீர் 52 கிலோமீற்றருக்கு அப்பால் மற்றதில் வெளிவருகிறதென 2003இல் அறிவித்தனர். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போவதிலும் அது கூடிய தூரம். அதைத் தள்ள இயந்திரம் ஏதுமில்லை. குளிர்ந்த நீர் பாரமாகி இறங்குகிறது, சூடான நீர் இலேசாகி எழுகிறது; அவ்வளவுதான்.

கடல்நீரின் கசப்புக்குக் காரணமான மகனீசியத்தை ஆறுகள் யுகயுகமாய்க் கொண்டுவந்து கொட்டுகின்றன. அது அளவின்றிப் பெருகாமைக்கு ஒரு காரணம், அந்தச் சூட்டுப் பாறை அதனை வாங்கி வைத்துக்கொள்வதே.

நம் இந்து சமுத்திரத்திலும் இது நடைபெறுகிறது. 2000இல் யப்பானியர் அதன் நடுமுகட்டில் கைரே என்னும் வெந்நீர் ஊற்றைக் கண்டனர். 2024 டிசெம்பரில் சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் தென்பகுதியில், ஏறக்குறைய 4,500 மீற்றர் ஆழத்தில், மற்றோர் ஊற்றைப் படம்பிடித்தனர். அறிவுக்காக மட்டுமன்று இத்தேடல். அந்நீர் பாறையிலிருந்து கரைத்து வரும் செம்பும் நாகமும் ஊற்று வாயிலே படிகின்றன. அவற்றை 10,000 சதுர கிலோமீற்றரில் ஆராயும் உரிமையை இந்தியா 2016இற் பெற்றது; வேறு நாடுகளும் பெற்றுள்ளன.

கைரேயில் 2001இல் ஒரு நத்தையைக் கண்டார்கள். அதன் காலிலே இரும்புச் செதில்கள்! கவசம் பூண்ட போர்வீரன்தான். ஆனால் 2019இல் அதனை அழிவை எதிர்நோக்கும் உயிர்களின் பட்டியலிற் சேர்க்க நேர்ந்தது. அது வாழும் இடங்கள் மிகச் சில. அவற்றுள்ளும் சில, உரிமம் வழங்கப்பட்ட எல்லைக்குள் இருக்கின்றன. அகழ்வதற்கு முன் அவ்விடங்களை விலக்கி வைக்கவேண்டும் என்பது என் கருத்து. அந்த நத்தை இரைதேடி அலைவதில்லை. அதன் உடலுள் வாழும் நுண்ணுயிர்களே அதற்கு உணவூட்டுகின்றன. அந்த நுண்ணுயிர்களுக்கோ, பாறைக்குள் நெடுவழி நடந்துவந்த கந்தக நீரே உணவு.