இறங்கியதும் எரிந்த தேர்

நடுவர் அவர்களே! எதிரணியில் பழைய எஞ்சினைப் போலவே புகையக் கக்கிவிட்டு அமர்ந்திருக்கும் அன்பு அண்ணன் அவர்களே! தாய்மார்களே, பெரியோர்களே!

செகண்ட் ஹாண்டில் வேகமான கார் வாங்கணும். அந்தக் காலத்து வண்டியா, அண்மைக் காலத்து வண்டியா? அண்ணன் 2001-இல் வந்த ஃபியட் பாலியோவைப் புகழ்ந்தார். "ஸ்டியரிங்கைப் பிடிச்சா ரோடு நம்ம கையோட பேசும்"னாரு. உண்மைதாங்க, நான் மறுக்கலே. இன்றைய எலக்ட்ரிக் ஸ்டியரிங் அவ்வளவு பேசாது. ஆனா அண்ணே, ரோடு மட்டுமா பேசுது? கதவு பேசுது, டேஷ்போர்டு பேசுது, சைலன்சர் பேசுது, வீட்டுக்கு வந்தா அண்ணி பேசுறாங்க! (சிரிப்பு)

நடுவர் அவர்களே! பாரதப் போர் முடிந்ததும் கண்ணன், "அர்ச்சுனா, முதலில் நீ இறங்கு" என்றான். அவன் இறங்கினான். பிறகு கண்ணன் இறங்கினான். தேர் பற்றி எரிந்து சாம்பலாயிற்று! துரோணரும் கர்ணனும் விட்ட கணைகளால் எப்பவோ வெந்துபோன தேர் அது. கண்ணன் உட்கார்ந்திருந்த வரைக்கும் தாங்கிச்சு. பழைய வண்டியும் அப்படித்தான். இருபது வருஷமா ஒரு ஓனரும் ஒரு மெக்கானிக்கும் தாங்கிப் பிடிச்சிருப்பாங்க. அவர் இறங்கிச் சாவியை உங்க கையில கொடுத்த மறுநாள் தெரியும் சேதி! (கைதட்டல்)

டைமிங் பெல்ட் ரப்பர்தானே? ஓடாம நின்னாலும் வயசாகும். அறுந்தா பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கும். குறைஞ்ச விலைன்னு வாங்கினவர், மிச்ச விலையை மெக்கானிக்குக்குத் தவணையில் கட்டுவார்.

சரி, பணம் போனால் போகட்டும். உயிர்? வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு! நம் நாட்டில் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019-இல்தான். முன்சீட் இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயமானது 2022-இல். 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு போலோ காரை மோதவிட்டுப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத போலோவுக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்யம். இரண்டு ஏர்பேக் வைத்த போலோவுக்கு நான்கு நட்சத்திரம். பெயர் ஒன்று, பிழைப்பு வேறு!

வேகம் குறைஞ்சு போச்சா? 2021-இல் வந்த ஐ20 என் லைன் நம்ம ஸ்ரீபெரும்புதூரில் செய்த வண்டி. ஒரு லிட்டர் டர்போ எஞ்சின், 120 குதிரைத்திறன், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். ஓடவும் தெரியும், நிற்கவும் தெரியும்.

அதுக்காகப் புதுசுன்னு கண்ணை மூடிக்கிட்டு வாங்காதீங்க. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை கார் மூழ்கிச்சு! சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்க, அடியில் சேற்றுக்கோடு இருக்கும். சர்வீஸ் ரெக்கார்டும் இன்சூரன்ஸ் க்ளெய்மும் கேளுங்க. டயரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. டயருக்கும் ஜாதகம் உண்டு!

நடுவர் அவர்களே! வேகமான வண்டியை வேண்டிக் கேட்பவன் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளை. அவனுக்கு ரோடு பேசுவது முக்கியமா, ராத்திரி வாசலில் அவன் குரல் கேட்பது முக்கியமா? அண்மைக் காலத்து வண்டியே என்று தீர்ப்பளியுங்கள். (கைதட்டல்)