நுரையீரலில் ஏறும் இரத்த அழுத்தம்



இரத்த அழுத்தம் என்றதும் கையில் பட்டை கட்டி அளப்பதே நம் நினைவுக்கு வரும். அந்தப் பட்டைக்கு எட்டாத வேறோர் அழுத்தம் நம் மார்புக்குள் உண்டு. அதைப் பற்றியே இன்று நான் பேச விரும்புகிறேன்.

இதயத்தின் வலப்பாகம் பிராணவாயு குறைந்த இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. வழி சிறிது, குழாய்களோ மெல்லியவை. ஆகவே ஓய்வில் அங்குள்ள சராசரி அழுத்தம் சுமார் 14 மில்லிமீட்டர் பாதரச அளவே. அக்குழாய்களின் சுவர் தடித்து உட்புறம் குறுகினால் அழுத்தம் ஏறுகிறது. இலேசான வேலைக்கே பழகிய வலப்பாகம் ஓயாமல் போராடிக் களைத்துப் போகிறது. 1980களில் அமெரிக்காவில் எடுத்த கணக்கின்படி, காரணம் புலப்படாமல் இந்நோய் கண்டவருள் பாதிப்பேர், நோய் அறியப்பட்ட பின் மூன்றாண்டுகள்கூட வாழவில்லை.

குழாய்களை விரிக்கும் சாதாரண மருந்துகள் போதாவோ என்று நீங்கள் கேட்கலாம். அவற்றால் உடல் முழுவதும் அழுத்தம் தாழ்ந்துவிடும். நுரையீரலிலோ பலருக்குப் பயன் கிட்டுவதில்லை.

வழியைக் காட்டியது இரத்தக் குழாயேதான். குழாயின் சுவர் தானே ஒரு பொருளைச் சுரந்து தன்னை விரித்துக்கொள்கிறது என்பதை 1976இல் பிரிட்டனில் ஜான் வேன், சல்வடோர் மொன்காடா ஆகியோர் கண்டனர். புரோஸ்டாசைக்ளின் என்பது அதன் பெயர். ஆனால் அது இரத்தத்தில் சில நிமிஷங்களே நிலைக்கும். எனவே ஒரு சிறு பம்பின் மூலம் இரவும் பகலும் இரத்தநாளத்தில் செலுத்த வேண்டியதாயிற்று. பம்பு நின்றால் உயிருக்கே ஆபத்து நேரலாம். அத்துன்பத்துக்குத் தக்க பலன் உண்டா? கடுமையாக நோயுற்ற 81 பேரிடம் 12 வாரம் சோதித்து, 1996இல் முடிவை வெளியிட்டனர். அக்காலத்தில் எண்மர் இறந்தனர். எண்மரும் இம்மருந்தைப் பெறாதவர்களே!

1988இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் குழாயைச் சுருக்கும் எண்டோதீலினைக் கண்டுபிடித்தனர். அதைத் தடுக்கும் போசென்டான் மாத்திரை 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதயவலிக்கென ஆராயப்பட்ட சில்டெனாஃபில், 2005இல் இந்நோய்க்கும் மருந்தாயிற்று.

இவை யாவும் பெரும்பாலும் குழாயை நெகிழ்விப்பவை. தடித்த சுவரை என் செய்வது? அச்சுவரின் அணுக்களை வளரத் தூண்டும் செய்தியை மறிக்கும் சோடாடெர்செப்ட், 2024இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசியாகப் போடுவது அது.

நோயை முற்றும் நீக்கும் மருந்து இன்னும் வரவில்லை. நெகிழ்விப்பதிலிருந்து செப்பனிடுவதை நோக்கி ஆராய்ச்சி நகர்ந்திருக்கிறது. எஞ்சிய தூரத்தைக் கடக்க, குழாய்ச் சுவர் சொல்வதைப் பொறுமையோடு கேட்கும் இளைஞர்கள் வேண்டும். உங்களுள் சிலர் அவ்வழி செல்வீர்களாக!