பல்கலைக்கழகம் மாறலாமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மிசன் பாடசாலையிற் படித்த என்னையும் உங்கள் பிள்ளையாக எண்ணி இம்மேடையில் ஏற்றியிருக்கிறீர்கள். உபதேசம் செய்யும் வயது எனக்கில்லை. சென்ற வருடம் முழுவதும் என் மனத்தை அலைத்த ஒரு கேள்வியைச் சொல்லுகிறேன். நாளை அது உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் வரலாம்.

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கிறேன். புவிச்சரிதவியலிற் சிறப்புப் பட்டம் பெறுவதே என் நோக்கம். காரணம் நம் கிணறுகள். கோடையில் வற்றும் கிணறு, உவர்க்கும் கிணறு, சிறுநீரக நோய்க்கு இந்தத் தண்ணீர்தான் காரணமோ என்று அஞ்சும் குடும்பங்கள். வன்னியிற் பிறந்தவனுக்கு நிலத்தடி நீரைவிடப் பெரிய பாடம் எது?

ஆனால் செலவு பெரிது. 1945ஆம் ஆண்டு கன்னங்கரா அவர்களின் முயற்சியாற் கல்வி இலவசமாயிற்று. அறை வாடகையும் சோறும் பஸ் கட்டணமும் இலவசமாகவில்லை. மகாபொலப் பணம் ஆறுதல்தான். ஆயினும் எல்லாவற்றுக்கும் அது போதாது. ஐயா வயலில் ஒரு பகுதியை ஈடு வைத்தார். அவர் அதைச் சொல்லவில்லை. அம்மாதான் வாய்தவறிச் சொன்னார்.

அன்றுமுதல் பம்பைமடுவை பஸ் தாண்டும்போதெல்லாம் என் மனம் அங்கே இறங்கிவிடும். 1997ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமான அது, 2021 ஆகஸ்ட் முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. நம் ஊரிலிருந்து வவுனியா போகும் வழியிலேயே இருக்கிறது. வீட்டுச் சோறு உண்டு படிக்கலாம். சுற்றாடல் விஞ்ஞானமும் அங்கு உண்டு.

விசாரித்தேன். மாற்றம் என்பது கேட்டவுடன் கிடைப்பதன்று. அனுமதி இசட் புள்ளியைப் பொறுத்தது. பாடநெறியும் ஒத்திருக்க வேண்டும். மாறினாலும் புவிச்சரிதவியலைக் கைவிட வேண்டும். செலவு குறையும், தேடிப்போன பொருளும் கைநழுவும்.

வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கடல் கடந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். விபுலாநந்த அடிகளோ துறவு பூணுமுன் ஆசிரியராக உழைத்துக்கொண்டே இலண்டன் பட்டத்துக்குப் படித்தார். 1943ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். ஒருவர் இடம் மாறினார்; மற்றவர் உழைத்துச் செலவைச் சமாளித்தார். நோக்கத்தை இருவரும் விடவில்லை.

ஆகவே நான் மாறவில்லை. அறையை மூவராகப் பங்கிட்டுக்கொண்டோம். விடுமுறையிற் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். ஈட்டை மீட்கும் கடமை இன்னும் என் தலையில் இருக்கிறது. என் முடிவையே எல்லோரும் பின்பற்ற வேண்டுமென்று சொல்லேன். என் பாடம் பம்பைமடுவில் இருந்திருந்தால் அன்றே மாற்றம் கேட்டிருப்பேன். அருகிலிருப்பதாலேயே ஒரு கலாசாலையைக் குறைவாக எண்ணுவது நம்மவரின் பழைய பிழை.

சங்கத்துக்கு இரண்டு விண்ணப்பங்கள். உயர்தரப் பெறுபேறு வந்து பல்கலைக்கழகப் படிவம் நிரப்பும் நாட்களில், விபரம் அறிந்த இருவர் இங்கே அமர்ந்து பிள்ளைகளுக்கு வழிகாட்ட வேண்டும். பாடத்தோடு செலவையும் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். மற்றது, வட்டியில்லாக் கைமாற்று நிதியொன்று வேண்டும். முதற் சம்பளத்திற் திருப்பிக் கொடுக்கும் முதல் ஆளாக நான் இருப்பேன். ஒரு தகப்பன் வயலை ஈடு வைக்காமற் காத்தாலும் அது பெரிய தருமமே.