கூட்டம் போடுவோரும் கூட்டத்தில் பேசுவோரும்

(அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் கூட்டங்களுக்குப் பொறுப்பேற்கும் ஊழியர்களிடையே ஆற்றிய உரை)



கூட்டம் நடத்துகிறவர்களும் கூட்டத்தில் பேசுகிறவர்களும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து யோசிப்பது அபூர்வமாகவே நடக்கிறது. ஏற்பாடு செய்கிற தோழர்களைக் கேட்டால், "பேச்சாளர் நேரத்துக்கு வரவில்லை, வந்தவரும் நம் பிரச்னையைத் தொடவே இல்லை" என்கிறார்கள். பேசுகிற தோழர்களைக் கேட்டால், "என்ன பேசவேண்டுமென்று யாரும் சொல்லவில்லை, மைக் கைக்கு வருவதற்குள் பாதி ஜனங்கள் போய்விட்டார்கள்" என்கிறார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் இந்த இருவருக்கும் நடுவே நஷ்டப்படுகிறவர் யார்? எட்டு மணி நேரம் மெஷினருகே நின்றுவிட்டு, வீட்டுக்குப் போகிற ரயிலையும் விட்டுவிட்டு, நம் கூட்டத்தில் வந்து நின்றாரே, அந்தத் தொழிலாளி! அவருடைய அரைமணி நேரத்தை நாம் என்ன செய்தோம் என்பதுதான் இன்று நாம் பேசவேண்டிய விஷயம்.

நம் வட்டாரம் பெரிய கூட்டத்தையும் பார்த்த வட்டாரம்தான். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாநாடு கூடியது. மகாநாட்டு இடத்துக்கு சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிட்டார்கள். 'சோஷலிஸ மாதிரி சமுதாயம்' என்ற தீர்மானம் நிறைவேறியது அங்கேதான். அப்படிப்பட்ட மகாநாட்டுக்கு ஆளும் பணமும் பந்தலும் இருந்தன. நமக்கு வாய்த்திருப்பது ஆலை வாசலும் தெருமுனையும். 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அதே பத்தாண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தது. அதிலிருந்து இந்த வட்டாரத்துக் கூட்டம் என்றால் பெரும்பாலும் கேட் மீட்டிங்தான்.

கேட் மீட்டிங்குக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? ஒரு ஷிப்ட் வெளியே வருகிறது, இன்னொரு ஷிப்ட் உள்ளே போகிறது. உள்ளே போகிறவருக்கு அட்டை அடிக்கவேண்டும். வெளியே வருகிறவருக்குக் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்கு நடந்து போகிறவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நிகரமாகக் கிடைப்பது பதினைந்து நிமிஷம். ஒரு மணி நேரத்துக்குத் தயாரித்த பிரசங்கத்தோடு இங்கே வருகிற பேச்சாளர் என்ன செய்வார்? முகவுரையிலேயே நின்றுவிடுவார். அது பேச்சாளரின் குறையல்ல. "பதினைந்து நிமிஷந்தான், நாலரை மணிக்கு ஆரம்பம், நாலே முக்காலுக்கு பஸ் கிளம்பிவிடும்" என்று அவருக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்கவேண்டாமா?

நேரத்தைவிடப் பெரிய சங்கதி விஷயம். 2021 ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். 41 படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரிப்பதென்று மத்திய சர்க்கார் முடிவு செய்தது. அந்த மாதம் 30ஆம் தேதி, பாதுகாப்புத் தொழில்களில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் அவசரச் சட்டமும் வந்தது. அக்டோபர் முதல் தேதியிலிருந்து ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை ஒரு கம்பெனிக்குக் கீழே, உடைத் தொழிற்சாலை இன்னொரு கம்பெனிக்குக் கீழே என்று ஆயிற்று. இப்படிப்பட்ட சமயத்தில் வாசலில் நிற்கிற தொழிலாளியின் மனதில் என்ன ஓடும்? "நான் இன்னும் சர்க்கார் ஊழியனா? என் பென்ஷன் என்ன ஆகும்? அயற்பணி என்கிறார்களே, அது எத்தனை வருஷம்?" இந்த மூன்று கேள்விகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, நான்கு நாள் முன்பே பேச்சாளரிடம் சேர்த்தால், அவர் விதிகளைப் படித்துவிட்டு வருவார். சேர்க்காவிட்டால் உலக ஆயுத வியாபாரத்தைப் பற்றிப் பேசுவார். அதுவும் அவசியமான விஷயந்தான். ஆனால் பென்ஷனைப் பற்றிக் கவலைப்படுகிறவன் காதில் அது ஏறாது. பென்ஷனில் ஆரம்பித்தால் அதன்பின் உலகத்தைப் பற்றியும் கேட்பான்.

இன்னொரு உதாரணம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்ததாக மத்திய சர்க்கார் அறிவித்தது. உடனே எல்லா நோட்டீசிலும் 'தொழிலாளர் சட்டத் தொகுப்புகள்' என்றே தலைப்பு. இது ஒரு கூட்டத்தின் தலைப்பா? ஒரு நூலகத்தின் தலைப்பு! அம்பத்தூர் எஸ்டேட்டில் இருப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை சின்னப் பட்டறைகளும் நடுத்தரக் கம்பெனிகளும். ஆட்குறைப்புக்கும் ஆலைமூடலுக்கும் சர்க்காரின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி முன்பு 100 பேர் வேலை செய்கிற ஆலைக்கே பொருந்தியது. புதிய தொகுப்பில் அது 300 ஆகிவிட்டது. ஆகவே 150 பேர் வேலை செய்கிற கம்பெனியின் வாசலில் பேசவேண்டியது அந்த ஒரு விதியைத்தான். குறித்த காலத்துக்கு மட்டும் வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் கூடியிருக்கிற இடத்தில், ஒரே வருஷத்தில் கிராஜுவிட்டி உண்டு என்பதைச் சொல்லவேண்டும்; அதைக் கேட்டு வாங்க வழியையும் சொல்லவேண்டும். எந்த வாசலில் எத்தனை பேர், யார் நிரந்தரம், யார் கான்ட்ராக்ட் என்பது வெளியூரிலிருந்து வருகிற பேச்சாளருக்கு எப்படித் தெரியும்? உள்ளூர்த் தோழர்தான் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பேச்சாளர் கேட்கவேண்டும். கேட்காமல் தேதியை மட்டும் ஒப்புக்கொள்கிற பேச்சாளர் பாதி வேலையைத்தான் ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம்.

இந்த வழி புதிதல்ல. நம் பக்கத்திலேயே, பெரம்பூரில், 1918ஆம் வருஷம் நடந்ததைப் பாருங்கள். ஆலைப்பகுதியில் கடை நடத்திய செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற பக்திச் சபையையும் நடத்தி வந்தார்கள். கடைக்கு வருகிற மில் தொழிலாளிகள் தங்கள் கஷ்டங்களை அவர்களிடம் சொல்லுவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு விடுகிற இடைவேளை போதவில்லை என்பது அவற்றில் ஒன்று. அந்தச் சபையின் மேடையிலேயே திரு.வி.க. தொழிலாளர் இயக்கத்தைப் பற்றிப் பேசினார். பிறகு இருவரும் அன்னி பெசன்ட் அம்மையாரின் சகாவான பி. பி. வாடியாவைத் தேடிப்போனார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இங்கே யோசிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வாடியா பம்பாய்க்காரர், பார்சி, தமிழ் தெரியாதவர். மில்லுக்குள் நடப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது? கடைக்காரர்கள் இருவரும் தினந்தோறும் காதில் வாங்கியதைக் கொண்டுபோய்ச் சேர்த்ததால் தெரிந்தது. சரித்திரம் வாடியாவையும் திரு.வி.க.வையும் நினைவு வைத்திருக்கிறது, நியாயந்தான். ஆனால் செல்வபதியும் ராமானுஜலுவும் இல்லாவிட்டால் அந்த மேடையில் பேச விஷயமே இருந்திராது. கூட்டம் போடுகிற தோழர்கள் நோட்டீஸ் ஒட்டுகிறவர்களல்ல என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

வாடியா ஆங்கிலத்தில் பேசினார். அது தமிழில் பெயர்த்துச் சொல்லப்பட்டது. இன்று அந்த நிலைமை தலைகீழாகத் திரும்பி வந்திருக்கிறது. பேச்சாளருக்குத் தமிழ் தெரியும். நிற்கிறவர்களில் ஒரு பகுதிக்குத் தெரியாது. ஒரிசா, பீஹார், அஸ்ஸாம் என்று பல ராஜ்யங்களிலிருந்து வந்த வாலிபர்கள் எஸ்டேட்டில் எத்தனை பேர்! அவர்கள் கூட்டத்தின் ஓரத்தில் வந்து நின்று, ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, தங்கள் அறைக்குப் போய்விடுகிறார்கள். மொழிபெயர்க்க வெளியே ஆள் தேடவேண்டாம். அவர்களிலேயே மூன்று வருஷமாக இங்கே இருந்து தமிழ் பழகியவர் இருப்பார். அவரையும் பேச்சாளரையும் கூட்டத்துக்கு முன்னால் அரைமணி நேரம் சந்திக்க வையுங்கள். மொழிபெயர்ப்பு உண்டென்றால் பதினைந்து நிமிஷம் ஏழாகக் குறைகிறது என்பதைப் பேச்சாளர் உணரவேண்டும். அப்போது அடுக்குமொழி உதவாது, பழமொழியும் உதவாது. ஒரு சின்ன வாக்கியம், நிறுத்து, அவர் சொல்லட்டும், அடுத்த வாக்கியம். இது பழகினால் தமிழ்க் கூட்டத்திலும் நம் பேச்சு தெளிவாகும்.

தெருமுனைக் கூட்டத்துக்கு வருவோம். நோட்டீசில் பதினான்கு பெயர். ஆறு மணிக் கூட்டம் ஏழேகாலுக்கு ஆரம்பம். முதலில் பேசுகிறவர் மேடையிலிருக்கிற பதின்மூன்று பேரையும் "அவர்களே, அவர்களே" என்று விளித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருகிறார். அவருக்குப் பின்னால் வருகிறவரும் அப்படியே. நடுவில் துண்டு போடுவது, போட்டோ எடுப்பது. சிறப்புரைக்கு மைக் வரும்போது மணி ஒன்பது நாற்பது. பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாதென்பது 2000ஆம் ஆண்டு விதி. பத்தாவதற்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே போலீஸ்காரர் மேடைப்பக்கம் வந்து நிற்பார். இதற்குப் போலீசைத் திட்டிப் பிரயோஜனமில்லை. நான்கு பேர் பேசினால் போதும். மற்றவர்கள் ஜனங்களோடு ஜனங்களாக உட்காரலாம். பெயர் விடுபட்டால் மனஸ்தாபம் வரும் என்கிறீர்களா? வரும்தான். மூன்று கூட்டம் கட்டுப்பாடாக நடத்தினால் அதுவும் தீரும்.

மைக்செட்காரரைக் கூட்டம் முடிந்து பணம் கொடுக்கும்போது மட்டும் நினைக்காதீர்கள். குழாயை எந்தப் பக்கம் திருப்புவது, ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் நூறு மீட்டருக்குள் இருக்கின்றனவா என்பதையெல்லாம் அவரோடு முதல்நாளே நடந்து பார்க்கவேண்டும். அனுமதி விஷயம் 2022 முதல் ஆவடி போலீஸ் கமிஷனரேட்டைச் சேர்ந்தது. மனுவைக் கடைசி நாளில் கொண்டுபோய் நீட்டக்கூடாது. மாலைக் கூட்டத்தில் மேடையை மேற்கே போட்டால் ஜனங்கள் கண்ணில் வெயில் அடிக்கும். இதைச் சொல்ல நிபுணர் வேண்டாம், அங்கே மாலையில் ஒருதரம் நின்று பார்த்தால் போதும்.

பேச்சாளர் தாமதிப்பதைச் சிறிய குற்றமாக நினைக்கிறோம். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் நடிகர் ஒருவரின் கட்சிக் கூட்டத்தில் நெரிசலில் 41 பேர் மாண்டார்கள். குழந்தைகளும் அவர்களில் உண்டு. அறிவித்த நேரத்துக்குப் பல மணி நேரம் பிந்தியே தலைவர் வந்தார். ஜனங்கள் பகலிலிருந்து நின்றிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது; யார் குற்றவாளி என்பதை விசாரிக்கிறவர்கள் சொல்லட்டும். நம் கூட்டத்துக்கு அத்தனை கூட்டம் வராது. இருந்தாலும் தண்ணீர் வைத்தோமா, வெளியேற வழி விட்டோமா, பேச்சாளர் வரத் தாமதமென்றால் அதை உடனே மைக்கில் சொன்னோமா என்ற கேள்விகள் ஐம்பது பேர் நிற்கிற இடத்துக்கும் உண்டு. ஒரே மாலையில் மூன்று கூட்டங்களுக்குத் தேதி கொடுக்கிற பழக்கத்தைப் பேச்சாளர்கள் விடவேண்டும். "எப்படியாவது வந்து தலைகாட்டுங்கள்" என்று வற்புறுத்துவதை நாமும் விடவேண்டும்.

பேச வருகிறவரும் மனிதர்தான். வழிச்செலவை அவர் கேட்கும்படி வைக்கக்கூடாது. பெண் தோழர் பேச வந்தால் பூந்தமல்லியிலிருந்து அவர் இரவில் எப்படி வீடு திரும்புவார் என்பதை அழைக்கிறபோதே முடிவு செய்யவேண்டும்; இதைச் செய்யாமல், "பெண்கள் பேச வருவதில்லை" என்று குறைப்படுகிறோம்.

கூட்டம் முடிந்ததும் பேச்சாளரை ஆட்டோவில் ஏற்றிவிடுகிற அவசரம் வேண்டாம். பத்து நிமிஷம் டீக்கடையில் உட்காருங்கள். எந்த இடத்தில் ஜனங்கள் கலைந்தார்கள், எந்த இடத்தில் முன்னால் நகர்ந்து வந்தார்கள் என்பது மேடையிலிருப்பவருக்குத் தெரியாது, பின்வரிசையில் நின்ற தோழருக்குத்தான் தெரியும். அவர் சொல்லட்டும், பேச்சாளர் கோபித்துக்கொள்ளாமல் கேட்கட்டும். பதில் சொல்ல முடியாமற்போன கேள்விகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அதே வாசலில், முதல் ஐந்து நிமிஷத்தை அந்தப் பதில்களுக்கே ஒதுக்குங்கள். கேட்டவர் இரவு ஷிப்டுக்கு மாறியிருந்தால் இரவு ஷிப்ட் போகிற நேரத்தில் போய்ச் சொல்லவேண்டும். அந்த நோட்டுப் புத்தகம் எந்தத் தோழரிடம் இருப்பது என்பதை இன்றே தீர்மானித்துவிடலாம், பெயரைச் சொல்லுங்கள்.